தலைக்குச் சொந்தக்காரர்

கொன்றைமங்கலத்து ராஜா செண்பகராயன் ஒரு விருந்தில் கட்டிலோடு கவிழ்ந்தார். அதுவும் பக்கத்து நாட்டுத் தூதரின் எதிரிலேயே. கட்டிலின் கால் ஒன்று மடக்கென்று ஒடிந்தது. ராஜா சரிந்தபடியே, "கால் கொண்டு வாருங்கள், சீக்கிரம்!" என்று கத்தினார்.

மடைப்பள்ளியிலிருந்து ஆட்டுக்கால் வந்தது, சூடாக, மிளகு தூவி. களஞ்சியத்திலிருந்து கால் படி நெல் வந்தது. தச்சர்கள் மட்டும் வரவில்லை. சமையல்காரரைத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து அவர்கள் சும்மா இருந்துவிட்டார்கள். ராஜா தரைக்கு வந்து சேர்ந்தார். தூதர் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டார்.

உடனே பிரதானி அனந்தபத்மர் எழுந்தார். ராஜாவின் முதல் அமைச்சர் இவர். தினம் ஒரு சட்டம் போட்டால்தான் அவருக்குச் சோறு இறங்கும்.

"மகாராஜா, குற்றம் ஆள் மேல் இல்லை, சொல்லின் மேல்! ஒரே சொல்லை நாலு இலாகா புழங்கினால் குழப்பம் வராமல் என்ன செய்யும்? இனி ஒரு சொல் ஒரு இலாகாவுக்குத்தான். மற்றவர்கள் அதைத் தொட்டால் கடும் தண்டனை."

இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்த ராஜா, "எதையாவது போட்டுத் தொலையும்" என்றார்.

'கால்' மடைப்பள்ளிக்குப் போயிற்று. மடைப்பள்ளி அதிகாரி தன் மைத்துனராக இருப்பது தற்செயல் என்று பிரதானியே ஊருக்கெல்லாம் விளக்கினார். தச்சர்கள் 'கட்டில் தாங்கும் கட்டை' என்று சொல்லப் பழகினார்கள். குதிரைக்காரர்கள் 'லாடம் அடிக்கும் உறுப்பு' என்றார்கள். ராஜாவுக்கு முழங்கால் வலித்தபோது வைத்தியர் அந்தச் சொல்லை வாயில் எடுக்கப் பயந்து மடைப்பள்ளியில் அனுமதி கேட்டார். அவர்கள், "குழம்பா, வறுவலா?" என்று கேட்டார்கள்.

சிரிப்பாகத்தான் இருந்தது, தேர்த் திருவிழா வரும்வரை.

தேரோட்டத்தின் நடுவே பட்டத்து யானை மிரண்டது. வீதி நிறைய சனம். யானைப்பாகன் பொம்மையன், "தலையை ஆட்டுது! ஓடுங்க, ஓடுங்க!" என்று அலறினான். எல்லோரும் ஓடிப் பிழைத்தார்கள். ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் காவலர்கள் பாகனைக் கட்டி அவைக்கு இழுத்து வந்தார்கள். வேறு இலாகாவின் சொல்லை எடுத்துவிட்டானாம்.

"யானைக் கொட்டடிக்கு 'மேற்பாக உருண்டை' என்ற சொல்லைக் கொடுத்திருக்கிறேனே, அதைச் சொல்வதற்கென்ன?" என்று பிரதானி சீறினார்.

"சாமி, அதைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள பாதிப் பேர் செத்திருப்பாங்க."

"செத்தாலும் சட்டப்படி செத்திருப்பார்கள்!"

ராஜாவுக்கே சங்கடமாக இருந்தது. ஆனால் தூதர் இன்னும் ஊருக்குத் திரும்பவில்லை. சொந்தச் சட்டத்திலிருந்து அவர் முன்னால் பின்வாங்குவது எப்படி? "சட்டம் என்ன சொல்கிறது?" என்றார்.

"தலையை வெட்டச் சொல்கிறது, மகாராஜா."

பாகனின் மனைவி கதறினாள். தண்டனை நிறைவேற்றும் சேவகன் வாளை உருவினான். அப்போது தாண்டவன் எழுந்தான். ராஜாவுக்கு ஆலோசனை சொல்வது அவன் வேலை. கேட்காத ஆலோசனையைத்தான் அதிகம் சொல்வான்.

"ஒரு சின்னச் சந்தேகம், பிரதானியாரே. 'தலை' என்ற சொல்லை யாருக்குக் கொடுத்தீர்கள்?"

"இதுகூடத் தெரியாதா? கிரீடம் காக்கும் இலாகாவுக்கு! அது மகாராஜாவின் திருமுடிக்கு மட்டுமே உரிய சொல்."

"அப்படியானால் இந்த நாட்டில் தலை என்றால் ஒன்றே ஒன்றுதான்."

"ஒன்றேதான்!"

"தண்டனை, தலையை வெட்டுவது."

"அதிலென்ன சந்தேகம்?"

தாண்டவன் வாளேந்திய சேவகனிடம் திரும்பினான். "கேட்டுக்கொண்டாயா? ஆரம்பி. சிம்மாசனத்துப் பட்டில் கறை படாமல் பார்த்துக்கொள்."

ராஜாவின் கை தானாகக் கழுத்துக்குப் போயிற்று. பிரதானி குறுக்கே பாய்ந்தார்.

"ஐயையோ, அந்தத் தலை இல்லை! பாகனின் தலை! பாகனின் தலை!"

"எந்தத் தலை?"

"அதுதான் பாகனின் தலை என்கிறேனே! இதில் என்னய்யா குழப்பம்?"

"ஒரு குழப்பமும் இல்லை" என்றான் தாண்டவன். "யாருடையது என்று முன்னால் சேர்த்ததும் அவைக்கே புரிந்துவிட்டது. மகாராஜா, அன்றைக்கு நீங்கள் 'கட்டிலின் கால்' என்று சொல்லியிருந்தால், ஆட்டுக்காலை வாசல் காவலனே திருப்பி அனுப்பியிருப்பான். எந்தச் சொல்லை எத்தனை இலாகா வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும். எதனுடையது என்று மட்டும் சொல்லிவிட வேண்டும். பொருந்தாததை வாசலிலேயே நிறுத்த வேண்டும். அவ்வளவுதான்."

ராஜா மூச்சு விட்டார். சட்டம் அங்கேயே ரத்தானது. பாகனின் கட்டை அவிழ்த்துப் பொன் கடகம் போட்டு அனுப்பினார். பிறகு பிரதானியைப் பார்த்த பார்வையில் நெருப்புப் பறந்தது.

"சட்டத்தைப் போட்ட இவரே அவையில் அதை மீறினார். ஒரு முறை அல்ல, மூன்று முறை 'பாகனின் தலை' என்றார்! இவருக்கு என்ன தண்டனை, தாண்டவா?"

"விட்டுவிடுங்கள், மகாராஜா. இத்தனை நாள் சட்டப்படி இவருக்குத் தலையே கிடையாது. இவர் வேலையில் யாருக்காவது வித்தியாசம் தெரிந்ததா?"

முதலில் சிரித்தவர் தூதர். ராஜா சிரித்து நிறுத்த வெகு நேரமாயிற்று.