பதினேழாம் கேள்வி

மகிமைநாதன் படியேறி வந்த வேகத்திலேயே ஆள் கொதிப்பில் இருப்பது தெரிந்தது. நாற்பத்தாறு வயதில் மூன்று மாடியை ஒரே மூச்சில் ஏறக் கோபம் ஒன்றால்தான் முடியும். கையிலிருந்த காகிதக் கட்டை நெறியாளரின் மேசைமேல் போட்டார். வைக்கவில்லை, போட்டார்.

தனியார் கல்லூரி ஒன்றில் பாடம் நடத்திக்கொண்டே பகுதிநேரமாக ஆய்வு செய்கிறவர் அவர். நெறியாளர் தையல்நாயகி அவரைவிட ஏழு வயது இளையவர். அது மகிமைநாதனுக்கு உள்ளூர உறுத்தும். ஆனாலும் ‘மேடம்’ என்று கூப்பிட ஒருநாளும் தவறியதில்லை. கையெழுத்துப் போட வேண்டியவர் அவரல்லவா!

“என்ன சார் இது?”

“நாற்பத்திரண்டு படிவம் மேடம். ஒரு வகுப்பு முழுக்கப் பொய் எழுதிருக்கு. தூக்கிப் போட்டுடுதேன். நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்.”

மாணவர்களின் உணர்வறிவுக்கும் ஆய்வுத் திறனுக்கும் என்ன தொடர்பு என்பதுதான் அவருடைய ஆய்வு. தன் கோபத்தையும் பயத்தையும் அடையாளம் காணத் தெரிந்த மாணவன் ஆய்விலும் தேறுவான் என்று நிறுவ வேண்டும். கேள்விப் படிவம் நிரப்பிய ஏழு வகுப்புகளில் ஆறு சொன்னபடி கேட்டன. ஏழாவது வகுப்பு காலை வாரிவிட்டது. அதைச் சேர்த்தால் முடிவே நிற்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் ஆய்வுச் சுருக்கத்தைக் கொடுக்காவிட்டால் பதிவு காலாவதி. ஆறு வருட உழைப்பு மண்ணாகிவிடும்.

“பொய்னு எப்படிச் சொல்றீங்க?”

“பதினேழாம் கேள்வியைப் பாருங்க. ‘உங்களுக்குக் கற்றுத்தருபவர்மீது கோபம் வந்ததுண்டா?’ நாற்பத்திரண்டு பேரும் ‘ஒருபோதும் இல்லை’ன்னு டிக் அடிச்சிருக்காங்க. மனுஷனாப் பொறந்தவனுக்கு வாத்தியார் மேல கோபமே வராதா? மகா யோக்கியனுங்க!”

“ஏன் அப்படி எழுதினாங்கன்னு கேட்டீங்களா?”

“கேக்கணுமா? கொழுப்பு மேடம், கொழுப்பு!”

தையல்நாயகி ஒரு படிவத்தை உருவிப் பார்த்தார். மேலே ‘பெயர் எழுத வேண்டாம்’ என்று அச்சாகியிருந்தது. அதற்குப் பக்கத்திலேயே பேனாவால் எழுதிய ஓர் எண்.

“இது என்ன?”

“ரோல் நம்பர். நான்தான் போடச் சொன்னேன். எவன் ஒழுங்கா எழுதலேன்னு தெரிய வேண்டாமா? உள்ள நுழையும்போதே ஒரே சிரிப்பும் கூத்தும். மேசையைத் தட்டினேன். முதல் பெஞ்சுக்காரனை வெளியே போகச் சொன்னேன். சரியா நிரப்பலேன்னா துறைத்தலைவர்கிட்டப் போகும்னு சொன்னேன். அப்புறம்தான் அடங்குச்சு.”

தையல்நாயகிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அது முகத்திலேயே தெரிந்தது. ஆனால் அவர் கத்தவில்லை. இழுப்பறையைத் திறந்து வெற்றுப் படிவம் ஒன்றை எடுத்தார்.

“உக்காருங்க. நிரப்புங்க.”

“நானா? நான் தயாரிச்ச படிவம் மேடம் இது.”

“உங்க பதிவு எண்ணை மேலே போடுங்க. சரியா நிரப்பலேன்னா சுருக்கத்துல என் கையெழுத்து கிடையாது.”

மகிமைநாதனுக்குக் காது மடல் சுட்டது. சின்னப் பிள்ளையை உட்கார வைப்பதுபோல உட்கார வைக்கிறாளே என்று உள்ளே பொருமினார். உட்கார்ந்தார். பேனாவைத் திறந்தார். தையல்நாயகி அவருடைய நாற்காலிக்குப் பின்னால் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

பதினாறு கேள்விகள் கடகடவென்று ஓடின. பதினேழில் பேனா நின்றது. முதுகுக்குப் பின்னால் நெறியாளரின் மூச்சு கேட்டது. மகிமைநாதன் பல்லைக் கடித்தபடி டிக் அடித்தார்.

ஒருபோதும் இல்லை.

“நல்லது,” என்றார் தையல்நாயகி. “இதையும் கட்டோட சேத்துத் தூக்கிப் போட்டுடலாமா சார்?”

மகிமைநாதன் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் போய்ச் சுவரில் இடித்தது.

“எட்டு மாசம் மேடம்!” குரல் வராந்தாவரைக்கும் கேட்டிருக்கும். “ரெண்டு வருஷத்துக்கு முன்னால என் மூணாவது அத்தியாயத்தைக் கொண்டாந்து குடுத்தேன். எட்டு மாசம் அந்த அலமாரியில கெடந்துது. கட்டின நூலைக்கூட நீங்க அவுக்கல! ஒவ்வொரு மாசமும் பஸ் ஏறி வந்து, அந்த நூலைப் பாத்துட்டு, ‘பரவால்ல மேடம், மெதுவாப் பாருங்க’ன்னு சிரிச்சிட்டுப் போனேன். வீட்டுல போயி என் பொண்டாட்டி மேல எரிஞ்சு விழுந்தேன். அந்த எட்டு மாசம் இருந்திருந்தா இன்னைக்கு நான் இப்படி அலையணுமா?”

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டது அவருக்கே உறைத்தது. ஆறு வருடமும் போயிற்று என்று நினைத்தார்.

தையல்நாயகி அலமாரியைத் திரும்பிப் பார்த்தார்.

“ஆமா, அவுக்கல. தப்பு என்னோடதுதான். தாமதம் என்னாலதான்னு நானே எழுதித் தரேன். அதை வச்சுக் கால நீட்டிப்புக் கேளுங்க.”

மகிமைநாதன் நாற்காலியை இழுத்துப் பழைய இடத்தில் போட்டார். பிறகு மேசையைப் பார்த்தார்.

“அப்போ இந்தப் பயலுவ எழுதின பொய்யை என்ன மேடம் செய்ய?”

“என்கிட்ட நிஜத்தைச் சொல்ல உங்களுக்கே ரெண்டு வருஷம் ஆயிருக்கு சார்,” என்றார் தையல்நாயகி. “அந்தப் பிள்ளைங்களுக்கு நீங்க எத்தனை நிமிஷம் குடுத்தீங்க?”