நீலப் போர்டுக்குக் கீழே ஒரு சங்கிலி

நவமணிக்கு ஆசிரமம் எதுவும் இல்லை. ஒரு ஏணி, ஒரு டிரில்லிங் மிஷின், சாமான் போட்டுக்கொள்ள ஒரு ரெக்சின் பை, அவ்வளவுதான். ஈரோட்டுப் பக்கம் ஜவுளி வளாகங்களில் வண்டி நிறுத்துகிற இடத்துக்குப் போர்டு மாட்டுவது அவள் தொழில். வயது முப்பதைத் தாண்டிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது.

அவளுக்கு ஒரு சீடர். பேர் சென்னியப்பன். தலை முக்கால்வாசி நரைத்த ஆள். வேலை பார்த்த நூல் மில்லை மூடிவிட்டதால் அவளிடம் ஏணி பிடிக்க வந்தவர்.

"கூலிக்கு வந்தீங்களா, தொழில் கத்துக்க வந்தீங்களாண்ணா?" என்று வந்த அன்றே கேட்டாள்.

"கத்துக்கத்தானுங்க அம்மிணி."

அன்றிலிருந்து மனசுக்குள் அவள்தான் அவருக்குக் குரு.

நவமணி வாயால் சொல்லிக் கொடுப்பது குறைவு. போர்டை எந்த உயரத்தில் மாட்டோணும் என்று ஒரு தடவை கேட்டார். அவள் அந்தப் பக்கம் போன ஒரு டெம்போக்காரரைக் கூப்பிட்டு, சென்னியப்பன் மாட்டி முடித்திருந்த போர்டுக்கு முன்னால் வண்டியை நிறுத்தச் சொன்னாள். போர்டு காணாமல் போய்விட்டது. அவரே கழற்றி மேலே ஏற்றி மாட்டினார்.

கை வேலை சுத்தமாக வந்துவிட்டது. வாய்தான் வரவில்லை. மில்லில் மிஷின் இரைச்சலுக்குள்ளேயே காலம் போனவர். புது ஆளிடம் ஒரு சொல் சொல்ல வேண்டுமென்றால் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

அப்படிப்பட்டவரை நம்பித்தான் ஒரு பெரிய ஜவுளி வளாகத்தின் வேலையை அவள் முழுசாக விட்டாள். உள்ளே போகும் வழி, வெளியே போகும் வழி, வேகம், தீயணைப்பு வண்டிக்கான பாதை என்று எல்லாப் போர்டும் விதியில் சொன்ன மாதிரியே மாட்டினார். லிஃப்டை ஒட்டி, நடக்க முடியாதவர்கள் வண்டி நிறுத்துவதற்கான இடம். அங்கே சக்கர நாற்காலி படம் போட்ட நீலப் போர்டு. தரையிலும் அதே படத்தை வரைந்தார்.

ஆய்வுக்கு வந்த அதிகாரி தலையாட்டிக்கொண்டே வந்தவர், அந்த நீலப் போர்டுக்குக் கீழே நின்றுவிட்டார். பட்டுச்சேலை எடுக்க வந்த குடும்பத்துக் கார் ஒன்று அங்கே ஜம்மென்று நின்றுகொண்டிருந்தது.

"போர்டு வெச்சா மட்டும் போதுமா? மறுபடி வருவேன். அப்பவும் இப்படியே இருந்தா பார்க்கிங்கை மூடிட்டுத்தான் போவேன்" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

வளாகத்து மேனேஜர் ரகுநாத்துக்கு முகம் சிவந்துவிட்டது. கோபம் முழுக்கச் சென்னியப்பன் மேல் திரும்பியது.

"அடுத்த தடவையும் தப்பாச்சுன்னா உங்க போர்டையெல்லாம் நீங்களே கழட்டி எடுத்துட்டுப் போயிருங்க. இந்த ஊர்ல ஒரு காம்ப்ளக்ஸ்லகூட உங்களை உள்ள விட மாட்டாங்க. நான் பாத்துக்கறேன்."

அந்தக் கார்க்காரர் வரும்வரை சென்னியப்பன் காத்திருந்தார். கதவுப் பக்கம் போய், "இது நடக்க முடியாதவங்க இடமுங்க" என்றார்.

"நீ யாருய்யா கேக்கறதுக்கு? வாட்ச்மேனா?"

கூட இருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். அவருக்குக் காதெல்லாம் சுட்டது. மறுநாள் ஒரு இரும்புச் சங்கிலி வாங்கி வந்தார். சுவரில் துளை போட்டுக் கொக்கியை முடுக்கி, அந்த இடத்தின் குறுக்கே சங்கிலியை இழுத்துப் பூட்டினார். சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்தார். அதற்கப்புறம் யாரிடமும் அவர் வாய் திறக்க வேண்டி வரவில்லை. அந்த இடத்தில் ஒரு சக்கரமும் ஏறவில்லை.

ஆடித் தள்ளுபடி ஆரம்பித்த சனிக்கிழமை. அதிகாரி வரப்போவதாகத் தகவல் வந்திருந்தது. வளாகத்தில் காக்காய் உட்கார இடமில்லை. இடம் தேடிக் கார்கள் சுற்றிச் சுற்றி வந்தன. அந்த நேரம் பார்த்து நவமணி வந்து சேர்ந்தாள். ஒவ்வொரு போர்டாகப் பார்த்துக்கொண்டு வந்தவள், சங்கிலிக்கு முன்னால் நின்றாள்.

"கெட்டியாத்தான் இருக்குதுங்கண்ணா."

"ஒரு ஈ உள்ள போகாதுங்க அம்மிணி" என்றார் சென்னியப்பன். அப்புறம், ரொம்ப நாளாக மனசில் கிடந்ததைக் கேட்டார். "போர்டை மதிக்காதவனை வேற என்னதான் பண்றதுங்க?"

நவமணி சங்கிலியை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு, கீழ்த்தளத்தில் முதல் கடையாக இருந்த ஜெராக்ஸ் கடைக்குப் போனாள். சென்னியப்பனும் பின்னாலேயே போனார். கடைக்காரர் ஆரோக்கியத்துக்குச் சின்ன வயதிலிருந்தே இரண்டு காலும் வராது. பின்னால் இரண்டு பக்கமும் கூடுதல் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில் வந்து போவார். அது வெளியே ரோட்டில் வெயிலில் நின்றது. அங்கிருந்து கட்டைகளை ஊன்றித்தான் அவர் தினமும் கடைக்கு வருவார்.

"அண்ணா, வண்டியைக் கொஞ்சம் குடுங்க. இதை ஏன் ரோட்டுல போட்டிருக்கீங்க? உள்ள உங்களுக்கு இடம் இருக்குதே."

"எனக்கா?" ஆரோக்கியம் சிரித்தார். "நான் மொதலாளி வீட்டுக் காருக்குன்னு நெனச்சேன். போர்டைப் பாத்தப்ப எனக்குன்னுதான் தோணுச்சு. அப்புறம் பூட்டைப் பாத்தேன். சரி, பூட்டு சொல்றதுதான் நெசமா இருக்கும்னு விட்டுட்டேன்."

சாவியைத் தூக்கிப் போட்டார். சென்னியப்பனுக்கு அந்தச் சிரிப்பு எங்கேயோ குத்தியது.

வெளியே வந்ததும் நவமணி, "ஏறி உக்காருங்க" என்றாள்.

உட்கார்ந்தார். அவள் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டேக்கை எடுத்தாள். போர்டைக் கம்பத்தோடு சேர்த்து இறுக்குவார்களே, அது. குனிந்து, அவருடைய இரண்டு கணுக்காலையும் சேர்த்து வைத்து இறுக்கிவிட்டாள்.

"என்ன அம்மிணி இது! ஆபீசர் வர்ற நேரத்துல!"

"கையில ஓட்டற வண்டிதானுங்கண்ணா. கொண்டு போய் நீலப் போர்டுக்குக் கீழ நிறுத்துங்க."

வேறு வழியில்லாமல் ஆக்சிலேட்டரை முறுக்கினார். கேட்டைத் தாண்டி, கார்களுக்கு நடுவே மெதுவாகப் போனார். சங்கிலிக்கு முன்னால் போய்த்தான் நிற்க முடிந்தது. கையை நீட்டிப் பார்த்தார். பூட்டு அக்கட்டால, அந்தப் பக்கத்துச் சுவரோரம் இருந்தது. எட்டவில்லை. இறங்கவும் முடியாது.

"வாட்ச்மேன்!" என்று கூப்பிட்டார். குரல் கூட்டத்தில் கரைந்துவிட்டது. ஆள் அங்கே இல்லை. கேட்டில் நெரிசல் என்று சாவியோடு அந்தப் பக்கம் போயிருந்தான்.

அவருக்குப் பின்னால் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. அதற்குப் பின்னால் வரிசை சேர்ந்தது. ஹாரன் ஆரம்பித்தது.

"யோவ் பெரியவரே! உள்ள போறதுன்னா போ, இல்லாட்டி நகரு! நடு வழில உக்காந்து தவம் பண்றியா?"

நகரலாம் என்று பார்த்தால், அந்த வண்டிக்குப் பின்னால் போகிற கியர் கிடையாது. காலை ஊன்றித் தள்ள வேண்டும். கால் கட்டிக் கிடந்தது. முன்னால் அவரே பூட்டிய சங்கிலி, பின்னால் ஹாரன். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. "யாராச்சும் கொஞ்சம்..." என்று ஆரம்பித்தவருக்கு அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. நவமணியைத் தேடினார். அவள் லிஃப்ட் ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பார்த்துக்கொண்டே நின்றாள்.

மேனேஜர் ரகுநாத் ஓடி வந்தார்.

"என்னங்க கூத்து இது? ஆபீசர் ஜீப்பு சிக்னல் தாண்டிருச்சாம்! யாரு உங்களை இங்க நிக்கச் சொன்னது?"

அப்போதுதான் நவமணி பக்கத்தில் வந்தாள். கட்டிங் பிளேயரால் கால் டேக்கை வெட்டினாள். சென்னியப்பன் குதித்து இறங்கி, ஸ்கூட்டரைத் தூண் ஓரமாகத் தள்ளி வைத்தார். திரும்பும்போது அவள் ஒரு ஸ்பேனரை நீட்டிக்கொண்டிருந்தாள்.

"கொக்கி மாட்டுனது நீங்கதானே."

"கழட்டாதீங்க!" என்றார் மேனேஜர். "இப்பக் காலியா இருக்கு. இப்படியே பாத்துட்டுப் போகட்டும். அவர் போனதும் என்ன வேணா பண்ணிக்குங்க."

சென்னியப்பன் சங்கிலியைப் பார்த்தார். அது இருந்தால் இடம் காலி. இடம் காலியாக இருந்தால் வேலை தப்பிக்கும், பேர் தப்பிக்கும். இந்த வயதில் இனி வேறு தொழில் எங்கே போய்த் தேடுவது? ஸ்பேனரைக் கையில் வாங்கினார். ஜெராக்ஸ் கடை வாசலில் உட்கார்ந்து ஆரோக்கியம் இதையெல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். அவர் இப்போது சிரிக்கவில்லை.

சென்னியப்பன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கொக்கியைத் திருகிக் கழற்றினார். சங்கிலி தரையில் விழுந்து சலசலத்தது.

அந்தச் சத்தம் அடங்குவதற்குள் வெள்ளைக் கார் முகப்பைத் திருப்பி நேராக உள்ளே ஏறி, தரையில் வரைந்த படத்தின் மேலேயே நின்றது.

"போச்சு" என்று மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார். கேட்டில் ஜீப் நுழைந்தது.

சென்னியப்பனுக்கு அழுகை வரும் போலிருந்தது. "பாத்தீங்களா அம்மிணி? இதுக்குத்தான் பூட்டுனேன். சங்கிலி இருந்தவரைக்கும் ஒருத்தன் ஏறலீங்களே!"

"ஆமாங்கண்ணா. ஆரோக்கியண்ணனும் ஏறல."

அவர் ஜெராக்ஸ் கடை வாசலைத் திரும்பிப் பார்த்தார். ஜீப்பிலிருந்து அதிகாரி இறங்கி, இந்தப் பக்கமாக நடக்க ஆரம்பித்தார். வெள்ளைக் காருக்குள் ஆள் இன்னும் இறங்கவில்லை. கண்ணாடி முழுக்க ஏற்றியிருந்தது.

"இப்ப என்ன பண்றதுங்க?"

"சங்கிலிகிட்ட ஆரோக்கியண்ணன் பேசிப் பாக்க முடியாது. உள்ள உக்காந்திருக்கறது ஆளு. நீங்க பேசிப் பாக்கலாம்."

சென்னியப்பன் காரை நோக்கிக் கொஞ்ச தூரம் நடந்தார். பாதியில் நின்று திரும்பினார்.

"சொல்லியும் கேக்கலீன்னா?"

"அப்பவும் அது ஆளுதானுங்கண்ணா. மறுபடி பேசலாம்" என்றாள் நவமணி.

அவர் போய்க் கண்ணாடியைத் தட்டினார்.