நாவல்பழம் பூசிய நகம்

மருதங்குளத்தின் கரையில் புதன்கிழமைதோறும் ஊசி நாள். முள்ளம்பன்றி வேலாயிதான் அங்கே நர்ஸ். ஆளுக்கொரு புது முள். அதை வெந்நீரில் கழுவி, மருந்தில் தோய்த்து, சுருக்கென்று ஒரு குத்து. குத்தியதும் கருநீல அவுரி மையைத் தொட்டு நகத்தில் ஒரு கோடு இழுப்பாள். அதில் வேப்பிலைச் சாறும் கலந்திருக்கும். குட்டிகள் நக்கி அழித்துவிடக் கூடாதல்லவா!

அந்த வருஷம் ஓடைக்கு அக்கரையில் மந்திகளுக்குக் கக்குவான் இருமல் கண்டிருந்தது. இருமி இருமி அவை மூச்சை இழுக்கும் சத்தம் இக்கரைக்கும் கேட்டது. “இந்தத் தடவை குட்டிகளுக்கு மட்டுமில்லை, பெரியவங்களுக்கும் ஊசி!” என்று வேலாயி சொல்லியனுப்பினாள்.

கரடி சடையனின் குகையில் பிறந்து நாலே நாளான குட்டி ஒன்று இருந்தது. அவன் மனைவி பேச்சி, அது வயிற்றில் இருக்கும்போதே போய் ஊசி போட்டுக்கொண்டு வந்துவிட்டாள்.

“நம்ம சின்னதுக்கு ஒன்றரை மாசம் ஆனாத்தான் ஊசியாம். அதுவரைக்கும் அதைத் தொடுறவங்க எல்லாரும் போட்டுக்கணும்” என்றாள் பேச்சி. “பொட்டுவுக்கும் போட்டுட்டு, நீங்களும் போட்டுக்கிட்டு வாங்க. நகத்துல மை இல்லாம உள்ளே வராதீங்க!”

“நான் வாங்காத கொட்டா!” என்று சொல்லி, மூத்த குட்டி பொட்டுவை முதுகில் ஏற்றிக்கொண்டு சடையன் கிளம்பினான்.

அவன் தேன்கூட்டுக்குள் முகத்தை விட்டு நூறு கொட்டு வாங்குகிறவன்தான். ஆனால் தேனீ சொல்லிக்கொண்டு வந்து கொட்டுவதில்லை. இங்கே வரிசையில் நிற்க வேண்டும். முன்னால் நிற்பவர் முகம் சுளிப்பதைப் பார்க்க வேண்டும். போதாததற்கு, வேலாயி “ஒண்ணு, ரெண்டு” என்று எண்ணிவிட்டுக் குத்துகிறாள். சடையனுக்கு உள்ளங்கால் வியர்த்தது.

பொட்டு குத்து வாங்கி, ஒரு மூச்சு அழுது, அப்பா முதுகிலேயே தூங்கிப்போனாள்.

“அடுத்து நீங்கதானே அண்ணே?”

“வயசானவங்க முதல்ல போகட்டும்” என்று ஆமைக்கு வழிவிட்டான் சடையன்.

பிறகு முயலுக்கு வழிவிட்டான். பிறகு அணிலுக்கு. “அண்ணனுக்கு எவ்வளவு பெரிய மனசு! உடம்பும் பெருசு, ஊசியைக் கண்டா கால் மட்டும் பின்னாலேயே போகுது!” என்று அணில் சிரித்தது.

வேலாயி புது முள் எடுக்கத் திரும்பினாள். அவள் மறுபடி பார்த்தபோது சடையன் நின்ற இடத்தில் புல் மட்டும் நசுங்கிக் கிடந்தது.

போகிற வழியில் ஒரு நாவல் மரம். கீழே கனிந்து உதிர்ந்த பழங்கள். சடையன் ஒன்றை நசுக்கி, வெளுத்த தன் நீள நகத்தில் ஒரு கோடு இழுத்தான். அவுரி மைக்கும் அதற்கும் வித்தியாசமே தெரியவில்லை. “ஊசி போட்டாச்சு!” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். மீதிப் பழங்களையும் தின்றான்.

குகை வாசலில் பேச்சி நகத்தைப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது. “வாங்க, உட்காருங்க. சின்னது உங்களைத்தான் தேடுது.”

அப்போது பொட்டு கண்விழித்தாள். தன் நகத்தை நக்கினாள். “தூ! கசப்பு!” உடனே அப்பாவின் நகத்தை இழுத்து நக்கினாள். கண் விரிந்தது.

“அம்மா! அப்பா மை இனிக்குது!”

அவள் நக்க நக்க நகம் வெளுத்தது. சடையன் கையை இழுத்துக்கொள்வதற்குள் கோடு முழுக்கப் போய்விட்டது.

அக்கரையில் ஒரு மந்தி இருமி, மூச்சுக்குத் திணறியது. பேச்சி சின்னக் குட்டியைத் தூக்கி, தனக்கு மறுபக்கம், சடையனுக்கு எட்டாத இடத்தில் படுக்க வைத்தாள். அவ்வளவுதான்.

நூறு தேனீ கொட்டியும் வலிக்காத அவனுக்கு அது வலித்தது. எழுந்து வெளியே போனான்.

குளக்கரையில் வேலாயி முட்களைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

“தாயி, எனக்கும் ஒண்ணு. ஆனா எண்ணாதே!”

வேலாயி அவன் வாயோரக் கறையைப் பார்த்தாள். ஒரு முள்ளை உருவிக் கழுவி, மருந்தில் தோய்த்தாள். “எண்ணலை அண்ணே. நாவல்பழம் எந்த மரத்துல நல்லா இனிக்குது?”

“அதுவா? வளைவுல ஒரு மரம் இருக்கு பாரு, அதுல தெக்குப் பக்கக் கிளை…”

“முடிஞ்சுது.”

“எது?”

வேலாயி நகத்தில் கோடு இழுத்தாள். “மருந்து உடம்புல பிடிக்க ரெண்டு வாரம் ஆகும். அதுவரைக்கும் இருமுறவங்க பக்கம் போகாதீங்க. உங்களுக்கே இருமல் வந்தா, குட்டிகிட்டப் போகாதீங்க.”

சடையன் வீடு திரும்பி, வாசலிலேயே நின்று கையை நீட்டினான். பொட்டு ஓடிவந்து நக்கினாள். முகம் கோணியது.

“கசக்குது!”

பேச்சி சிரித்துவிட்டாள். தூங்கும் சின்னக் குட்டியைத் தூக்கி அவன் மடியில் வைத்தாள். அது அவன் கட்டைவிரலைத் தேடிப் பிடித்துச் சப்பப் போக, “அந்த நகம் வேண்டாம்டா, இந்தக் கை!” என்று அவன் அவசரமாக மாற்றிக் கொடுத்தான்.

பூசிக்கொண்ட அடையாளம் பார்ப்பவர் கண்ணை ஏமாற்றும். வருகிற நோயை ஏமாற்றாது.