ஏப்பத்துக்குப் பந்தயம் கட்டின மீசை

ஒரு ஊர்ல ஒரு மீசை இருந்துச்சு. ம் கொட்டு. ஆமாடா, மீசைதான். ராஜா ராணியெல்லாம் நேத்தே தீந்துபோயிட்டாங்க, இன்னிக்கு மீசைதான் இருக்கு. வேணாம்னா திரும்பிப் படு.

ம். அப்படி வா வழிக்கு.

சாத்தூர்ல சோடா கம்பெனி வச்சிருந்த வேல்ச்சாமியோட மீசை அது. ரெண்டு பக்கமும் முறுக்கி விட்டு, எலுமிச்சம்பழம் வச்சா உருளாம நிக்கும். அவரு கம்பெனில பன்னீர் சோடா போடுவாரு. ரோஸ் கலரு, மூடியத் தொறந்தா தெருவே மணக்கும். தெனமும் காலைல மொத பாட்டில அவருதான் குடிப்பாரு. கடகடகடன்னு குடிச்சிட்டு, பத்து எண்ணுறதுக்குள்ள ஏப்பம் வரணும். "ஏஏஏவ்வ்!" வந்துச்சா, சோடா கடைக்குப் போவும். வரலையா, எல்லாத்தையும் சாக்கடைல கொட்டிட்டு மறுபடி போடுவாரு. எதுத்த வீட்டு டீச்சரம்மா கடிகாரமே பாக்கிறதில்ல. அந்த ஏப்பம் கேட்டா பையத் தூக்கிட்டு பஸ்ஸுக்குக் கெளம்பிருவாங்க.

அவரு பொண்டாட்டி பேரு சீனித்தாய். ஒத்தப் பொண்ணு தாரணி, ரெண்டாங்கிளாஸ். உன்ன மாதிரியே வாய் சும்மா இருக்காது. பள்ளிக்கூடத்துல போயி, "ஞாயித்துக்கெழம என் பொறந்தநாளு, எங்க வீட்டுல சோடா கேக்கு, எல்லாரும் வாங்க"ன்னு சொல்லிட்டு வந்துட்டா. ஜெசிந்தான்னு ஒரு புள்ள, "சோடாவுல எங்கயாச்சும் கேக்கு வருமா? புளுகுணி!"ன்னு சொல்லிருச்சு. கிளாசே சிரிச்சிருச்சு. தாரணி வீட்டுக்கு வந்து அம்மா மடில விழுந்து, "சோடா கேக்கு இல்லாட்டி இனிமே பள்ளிக்கூடத்துக்கே போமாட்டேன்"னு ஓன்னு அழுதா.

சீனித்தாய்க்கு மனசு கேக்கல. "அழாத. பேக்கரில மொட்ட கேக்கு வாங்கிக்குவோம். மேல தடவுற வெண்ணெய்க் கிரீம அம்மா சோடா ஊத்திச் செஞ்சு தாரேன்"னா.

அப்போ வேல்ச்சாமி சிரிச்சாரு பாரு, மீசை ரெண்டும் ஆடுது. "ஏ புள்ள, சோடான்னா கேஸு. கேஸு போச்சுன்னா அது வெறும் சீனித் தண்ணி. அத வெண்ணெய்க்குள்ள எப்படிப் பூட்டி வப்ப? உன் கிரீமத் தின்னு எனக்கு ஒரு ஏப்பம் வரட்டும், இந்த மீசைய எடுத்துடுறேன்!"

"வாக்கு மாற மாட்டீங்களே?"

"மாற மாட்டேன். ஆனா மூணே மூணு தடவதான் சோடா தருவேன். தடவைக்கு நாலு பாட்டிலு."

ம் கொட்டுறியா தூங்குறியா? சரி.

அப்புறம் சீனித்தாய் மோர்க்காரம்மாகிட்ட வெள்ள வெண்ணெய் ஒரு கிலோ வாங்கினா. சீனிய மிக்சில போட்டு 'டுர்ர்ர்'ருன்னு மாவா அரைச்சா. அதோட வெண்ணெயப் போட்டா. கேஸு தப்பிச்சுப் போயிரக் கூடாதேன்னு, சோடாவ ஒடைச்ச வேகத்துல ஜாருக்குள்ள ஊத்தி, மூடியப் போட்டு, மூடிமேல ரெண்டு கையயும் வச்சு அமுக்கிட்டு மிக்சியப் போட்டா. சோடாவ எவளாச்சும் மூடி வச்சு அடிப்பாளா? அவ அடிச்சா. டுர்ர்ர்... புஸ்ஸ்ஸ்... டமார்! மூடி மேல போயி ஃபேன்ல அடிச்சு, ஃபேன் அத எடுத்து ஜன்னல் வழியா வீசிருச்சு. சுவத்துல, காலண்டர்ல, பூனை மேல, எல்லாம் ரோஸ் கலரு. மிக்சி 'க்ர்ர்'ருன்னு ஒரு தடவ மொனகிட்டுச் செத்துப்போச்சு.

வேல்ச்சாமி எட்டிப் பாத்தாரு. "ஒண்ணு"ன்னாரு. மீசைய ஒரு முறுக்கு முறுக்கினாரு, போயிட்டாரு.

சீனித்தாய் ஜாருக்குள்ள பாத்தா. அடில மிச்சமிருந்த வெண்ணெய் ஒரு பக்கம், தண்ணி ஒரு பக்கமா, திரிஞ்ச பாலாட்டம் கெடக்கு. அப்போதான் அவளுக்குத் தோணுச்சு. 'தண்ணிதான் கெடுக்குது. எங்க அம்மா வீட்டுல கடலமிட்டாய்க்குப் பாகு காய்ச்சுவோமே, அது மாதிரி சுண்டக் காய்ச்சினா என்ன?' உடனே அடுத்த நாலு பாட்டிலையும் சட்டில ஊத்தி அடுப்புல வச்சா.

ஐயய்யோ! வேல்ச்சாமி தலைல அடிச்சுக்கிட்டாரு. "பாவி, சோடாவ அடுப்புல வச்சுட்டாளே! எங்க அப்பா போட்ட கம்பெனி! கேஸு போவுதே, கேஸு போவுதே!"ன்னு சட்டிய ஒரு தட்டு போட்டு மூட வந்தாரு.

"கேஸு போவட்டும், நீங்களும் போங்க"ன்னா சீனித்தாய்.

களபுள களபுளன்னு கொதிச்சு, நாலு பாட்டிலு சோடா நாலு கரண்டி பாகா நின்னுச்சு. வாசம்னா வாசம், வீடு முழுக்க பன்னீரு. அந்த சந்தோசத்துல பொறுக்க முடியாம சுடச்சுட எடுத்து வெண்ணெய்ல ஊத்திட்டா. சொய்ங்! வெண்ணெய் உருகி நெய்யா ஓடுது, ரோஸ் கலர்ல. அத எதுல ஊத்தித் திங்க? சோத்துலயா?

"ரெண்டு"ன்னாரு வேல்ச்சாமி.

அப்போ சீனித்தாய் அடுப்படில உக்காந்து அழுதா. மீசை போனா என்ன, இருந்தா என்ன, அவளுக்கு அது கவலையில்ல. 'எம்புள்ளைய நாளைக்கு எல்லாரும் புளுகுணின்னுவாங்களே'ன்னு அழுதா. தாரணி வந்து அம்மா கண்ணத் தொடச்சுவிட்டு, "இன்னும் நாலு பாட்டிலு இருக்கும்மா"ன்னா. சமத்துப் புள்ள. உன்ன மாதிரி போர்வைய ஒதைக்காது.

மூணாவது தடவ சீனித்தாய் அவசரப்படல. ஞாயித்துக்கெழம விடிஞ்சதும் பாகு காய்ச்சி, சட்டியத் தண்ணிக்குள்ள வச்சு, புறங்கைல ஒரு சொட்டு விட்டுப் பாத்தா. சூடு. வெளக்கமாறு எடுத்து வீடு கூட்டிட்டு வந்து பாத்தா. இன்னும் சூடு. குளிச்சுட்டு வந்து பாத்தா. ஜில்லு! மிக்சிதான் செத்துப்போச்சே? மோர் கடையுற மத்த எடுத்தா. சலக் சலக், சலக் சலக். வெண்ணெயும் சீனியும் பஞ்சாட்டம் வந்துச்சு. அப்புறம் பாக ஒவ்வொரு சொட்டா விட்டா. சலக் சலக். திரியல, உருகல, வெடிக்கல. ரோஸ் கலர்ல பொசுபொசுன்னு நின்னுச்சு கிரீமு!

சாயங்காலம் கிளாசே வந்துருச்சு. மொட்ட கேக்கு மேல கிரீமு தடவி நடுவுல வச்சாங்க. வேல்ச்சாமி தீர்ப்பு சொல்ற நாட்டாமையாட்டம் வந்து உக்காந்தாரு. ஒரு துண்டத் தின்னாரு. புள்ளைங்க எல்லாம் எண்ணுதுங்க. ஒண்ணு... ரெண்டு... எட்டு... ஒம்போது... பத்து.

ஏப்பம் வரல.

ஜெசிந்தா தாரணியப் பாத்துச்சு. தாரணிக்கு உதடு துடிக்குது.

வேல்ச்சாமி வாயச் சப்புக்கொட்டினாரு. "ருசி என்னமோ நம்ம ருசிதான்... ஆனா ஏப்பம் வரலையே. நாயம்னு ஒண்ணு இருக்குல்ல, இன்னொரு துண்டு குடு, சரியாப் பாக்கணும்"னாரு. குடுத்தா. பத்து எண்ணினாங்க. வரல. "இன்னொண்ணு குடு." வரல. "ஓரத்துல கிரீமு நெறைய இருக்கே, அந்தத் துண்டக் குடு." நாலு, அஞ்சு, ஆறு... மனுசன் நாயத்துக்காகத் தின்னுக்கிட்டே இருக்காரு! ஏழாவது துண்டு உள்ள போச்சு. ஒண்ணு... ரெண்டு... மூணு...

"ஏஏஏஏஏவ்வ்வ்வ்வ்!"

கூரைல இருந்த காக்கா எல்லாம் படபடன்னு பறந்துருச்சு. எதுத்த வீட்டு டீச்சரம்மா பதறியடிச்சுப் பையத் தூக்கிட்டு பஸ்ஸுக்கு ஓடினாங்க.

"செல்லாது! இது சோடா ஏப்பம் இல்ல, வயிறு நெறஞ்ச ஏப்பம்!"னு கத்துறாரு வேல்ச்சாமி.

"எந்த ஏப்பம்னு பந்தயத்துல சொன்னீங்களா?"ன்னா சீனித்தாய்.

ஜெசிந்தா தட்ட நக்கிக்கிட்டே, "சோடா கேக்கு நெசம்தான், தாரணி. எனக்கு ஏழு துண்டு கெடைக்குமா?"ன்னுச்சு. தாரணி மொகத்தப் பாக்கணுமே, ஆயிரம் வாட்ஸ் பல்பு!

அப்புறம் வேல்ச்சாமி வாக்கு மாறாம சலூனுக்குப் போனாரு. வாயத் துண்டால மூடிக்கிட்டுத் திரும்பி வந்தாரு. வீட்டுக்குள்ள வந்து துண்ட எடுத்தாரு. மேலுதடு வழுவழுன்னு இருக்கு. சீனித்தாய் சிரிப்ப அடக்க சேலைத் தலப்ப வாயில வச்சுக்கிட்டா. தாரணி அப்பாவையே பாத்துக்கிட்டு நின்னா. பாவமாப் போச்சு அவளுக்கு. அடுப்படிக்கு ஓடி, சட்டில ஒட்டியிருந்த கிரீம விரல்ல வழிச்சுட்டு வந்து, அப்பா மடில ஏறி, மேலுதட்டுல இந்தப் பக்கம் ஒரு முறுக்கு, அந்தப் பக்கம் ஒரு முறுக்கு வரைஞ்சா. ரோஸ் கலரு மீசை!

"மொட்ட கேக்கா இருந்தீங்கப்பா, இப்ப சரியாயிருச்சு"ன்னா.

வேல்ச்சாமி நாக்க நீட்டி மீசைய நக்கிப் பாத்தாரு. "இந்த மீசைதான்டி நல்லாருக்கு"ன்னாரு.

ம்? தூங்கிட்டியா? பால் குடிச்சதுக்கு ஒரு ஏப்பம் விட்டுட்டுத் தூங்கு. ஆங், வந்துருச்சு. சோடாவும் தீந்துச்சு, கேக்கும் தீந்துச்சு, கதையும் தீந்துச்சு. கண்ண மூடு.