பெருச்சாளி கடித்த மகாராஜா

கேழ்வரகூர் நாட்டை ஆண்ட மகாராஜா கண்டராயருக்கு இரண்டே இரண்டு பித்து. ஒன்று, அரண்மனைத் தோட்டத்து நீரூற்று. பகலெல்லாம் அது பனை உயரத்துக்குப் பீய்ச்சியடிக்க வேண்டும். இன்னொன்று, கம்ப்யூட்டர் விளையாட்டு. ராஜா காலத்தில் ஏது கம்ப்யூட்டர் என்று குறுக்கே கேட்கிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம். கதை என்னுடையது, நான் வைத்ததுதான் சாமான்.

விளையாட்டு செய்வதற்கென்றே அரண்மனையில் ஒரு மண்டபம். நாற்பது பேர் வேலை பார்த்தார்கள். அவர்களுக்குத் தலைவி செண்பகவல்லி. மாயமும் மந்திரமுமாக ஒரு பெரிய விளையாட்டை இரண்டு வருஷமாகக் கட்டிக்கொண்டிருந்தாள். ஆடுகிறவர் வாள்வீரனாகப் போகலாம், மந்திரவாதியாகப் போகலாம், மருத்துவச்சியாகவோ திருடனாகவோ போகலாம். ஆனால் யாராக இருந்தாலும் சக்தியைச் செலவழித்தால் ஏதாவது குறையும். மந்திரவாதி நாலு தரம் நெருப்பு விட்டால் கை நடுங்கும், சோறு தின்றால்தான் சரியாகும். மருத்துவச்சி அடுத்தவர் காயத்தை ஆற்றினால் அவள் உடம்பு வாடும். எதையும் இழக்காமல் வருகிற மந்திரம் சப்பென்று போய்விடும் என்பது செண்பகத்தின் கட்சி.

மகாராஜா முதல் முறை ஆடிப் பார்த்தார். மந்திரவாதியை எடுத்தார். கண்ணில் பட்ட செடிகொடிக்கெல்லாம் நெருப்பு விட்டார். கை நடுங்க ஆரம்பித்தது. அந்த நேரம் பார்த்துப் புதரிலிருந்து ஒரு பெருச்சாளி வந்து கட்டைவிரலைக் கடித்தது. திரையில் மகாராஜா மல்லாந்தார். சபையே பார்த்துக்கொண்டிருந்தது. யாரோ களுக்கென்று சிரித்து, அதை அவசரமாக இருமலாக்கினார்.

படைத்தலைவர் கொம்பையாவுக்கு ரொம்ப நாளாக அந்த மண்டபத்தின் மேல் ஒரு கண். குதிரை கட்ட அதைவிட நல்ல இடம் கிடையாது. "கேவலம் ஒரு பெருச்சாளி நம்ம மகாராஜாவைக் கொல்றதா? இந்தம்மா வேணும்னே வச்சிருக்கு" என்று காதோரம் ஊதினார்.

மகாராஜா கொதித்துப்போனார். "செண்பகம், எனக்குன்னு தனியா ஒரு பாத்திரம் செய். எல்லா மந்திரமும் என் கையில இருக்கணும். எவ்வளவு விட்டாலும் எனக்கு ஒரு துளி குறையக் கூடாது. எது கடிச்சாலும் நான் சாகக் கூடாது."

"செஞ்சிடலாம் மகாராஜா. ஆனா அலுத்துப்போகும்."

"அலுக்கவும் கூடாது. பத்து நாள்ல திருவிழா. அன்னைக்கு ஒரு நாழிகை ஆடுவேன். அதுக்குள்ள ஒரு கொட்டாவி வந்தாலும் மண்டபம் கொம்பையாவுக்கு. நீயும் உன் நாற்பது பேரும் லாயத்துல லத்தி அள்ளலாம்."

லத்தி அள்ளச் செண்பகம் அஞ்சவில்லை. தான் மட்டும் என்றால் அள்ளிவிட்டுப் போவாள். நாற்பது குடும்பம் ஆயிற்றே. யோசனையோடு வீட்டுக்குப் போனாள், குடத்தைத் தூக்கிக்கொண்டு கிழக்குத் தெருக் குழாயடிக்குப் போனாள். வரிசையில் பத்துப் பதினைந்து பேர். குழாயில் புஸ்ஸென்று காற்றுதான் வந்தது. அங்கே நின்று பார்த்தால் மதிலுக்கு மேலே அரண்மனை நீரூற்றின் நுனி தெரியும். அவள் குழாயைப் பார்த்தாள், நீரூற்றைப் பார்த்தாள். குடத்தை வரிசையிலேயே போட்டுவிட்டு மண்டபத்துக்குத் திரும்ப ஓடினாள்.

திருவிழா வந்தது. அன்று ராஜகுடும்பமும் குடிகளும் ஒன்றாக உட்கார்ந்து ஆடுவது அந்த நாட்டு வழக்கம். மண்டபம் நிறையத் திரைகள். மகாராணி மருத்துவச்சி. கொம்பையா வாள்வீரன். மகாராஜா தங்கக் கிரீடம் வைத்த புதுப் பாத்திரம். நாழிகை வட்டிலைத் தண்ணீரில் மிதக்க விட்டார்கள். அது மூழ்கினால் ஒரு நாழிகை.

மகாராஜா விரலை அசைத்தார். மலை வெடித்தது. இன்னொரு தரம் அசைத்தார். ஏழு பூதங்கள் பொடியாயின. அசைத்துக்கொண்டே இருந்தார், எல்லாம் விழுந்துகொண்டே இருந்தது. கொம்பையா தன் ஆட்டத்தை விட்டுவிட்டு மகாராஜாவின் வாயையே பார்த்தார். வாய் மெல்லத் திறந்தது.

"யாருங்க அது என் சக்தியை உறிஞ்சுறது?" என்றாள் மகாராணி. "ஒரு குழந்தைக்குக் காயம் ஆத்திக்கிட்டிருந்தேன். பாதியில நின்னுபோச்சு."

திறந்த வாய் மூடிக்கொண்டது. மகாராஜா சந்தேகத்தோடு சின்னதாக ஒரு மந்திரம் விட்டுப் பார்த்தார். பின்வரிசையில் ஒரு எண்ணெய் வியாபாரி, "என் விளக்கு அணைஞ்சுபோச்சே" என்றார். இன்னொன்று விட்டார். கொம்பையாவின் வாள் கையிலேயே கரைந்தது.

விரல் அந்தரத்தில் நின்றது. மகாராணி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பது வருஷமாக அந்தப் பார்வை அவருக்குப் பழக்கம். மந்திரத்தை ஓரங்கட்டிவிட்டுத் தரையில் கிடந்த விறகுக் கட்டை ஒன்றை எடுத்தார். அப்போதா வர வேண்டும் அந்தப் பெருச்சாளி? கடித்தது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. மகாராணியின் திரையில் கட்டைவிரல் வீங்கியது.

"என்னங்க இது" என்றாள் மகாராணி, பல்லைக் கடித்துக்கொண்டு.

அதற்குப் பிறகு மகாராஜா ஆடிய ஆட்டம் இருக்கிறதே! ஓடினார், குனிந்தார், மகாராணிக்கு முன்னால் போய் நின்றார். கட்டையால் ஓங்கி அடித்தார், தப்பியது. வேர்த்து ஒழுகியது. கடைசியில் மண்டையில் ஒன்று போட்டார், பெருச்சாளி சுருண்டது. மண்டபமே எழுந்து ஆரவாரம் செய்தது. வட்டில் எப்போதோ மூழ்கியிருந்தது.

"மகாராஜா, இது ஏமாத்து வேலை" என்றார் கொம்பையா. "ஒரு துளி குறையக் கூடாதுன்னு நீங்க சொன்னீங்க."

"மகாராஜாவுக்குக் குறையக் கூடாதுன்னார். குறையல" என்றாள் செண்பகம். "வேற யாருக்கும் குறையக் கூடாதுன்னு அவர் சொல்லவே இல்லையே."

மகாராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். "கொட்டாவி விட எங்கேம்மா நேரம் குடுத்தே! மண்டபம் உனக்கே." கழுத்து முத்துமாலையைக் கழற்றினார். "ஒண்ணு மட்டும் சொல்லு. இப்படி ஒரு விதி உனக்கு எங்க கிடைச்சுது?"

செண்பகம் மாலைக்குக் கை நீட்டவில்லை. "எங்க தெருக் குழாயடியில, மகாராஜா. இங்க நீரூற்று பனை உயரம் ஏறுது. அங்க என் குடம் பத்து நாளா வரிசையில நிக்குது."

சிரிப்பு நின்றது. மகாராஜா ஜன்னல் வழியே நீரூற்றைப் பார்த்தார். மகாராணியைப் பார்த்தார்.

"கொம்பையா, அந்த நீரூற்றை மூடும். மூடிட்டு நேரா கிழக்குத் தெருவுக்குப் போம். இந்தம்மா குடத்தை நீரே நிரப்பி, நீரே தூக்கிட்டுப் போய் இவங்க வீட்டுல வையும்."

கொம்பையா மீசையைத் தடவிக்கொண்டு புறப்பட்டார். அவர் வாசலைத் தாண்டும்போது செண்பகம் பின்னாலிருந்து கூப்பிட்டுச் சொன்னாள்: "ஐயா, எனக்கு முன்னால பதினாலு பேர் இருக்காங்க. வரிசையிலதான் நிக்கணும்."