இறையாண்மைக்கு ஒரு வரி

இலவச ஐ.ஏ.எஸ். பயிற்சி வகுப்பில் மிச்சமிருந்தது ஒரே இடம். தீப்பெட்டி ஆலை வேலையை விட்டுவிட்டு அதைக் கேட்டு வந்து நின்றாள் அருள்மேரி. இடம் தருவது அரசியல் அறிவியல் நடத்தும் ரத்தினசபாபதி; அவர் முன்னால் யாரும் வாய் திறக்கவே பயப்படுவார்கள்.

"மேதைகள் பக்கம் பக்கமா எழுதின இறையாண்மையை ஒரே வரியில சொல்லு. இல்லேன்னா ஊருக்குப் பஸ் ஏறு," என்றார் அவர்.

அவள், "சார், எழுந்து வெளியே போங்க," என்றாள்.

அவர் மேசையில் ஓங்கி அடித்தார். "எனக்கே உத்தரவா? இந்த வகுப்புல எனக்கு மேல எவனும் கிடையாது!"

"அதுதான் சார் இறையாண்மை. ஒரே வரியில நீங்களே சொல்லிட்டீங்க."

ரத்தினசபாபதி மெல்ல எழுந்தார்.

"இத்தனை வருஷத்துல நானே இதை இப்படி நடத்தினதில்லை. போய் உட்காரும்மா."

அவள் உட்காரும்வரை அவர் உட்காரவில்லை.