மேற்கு வாசல்

“போவதா, இருப்பதா? நீங்களே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், அம்மா.”

அந்த மாதத்தில் சேந்தன் இப்படிக் கேட்பது ஏழாவது தடவை.

 உமையாள், யாரோ கொண்டுவந்து போட்டிருந்த அறுந்த கட்டிலுக்குக் கயிறு பின்னிக்கொண்டிருந்தாள்.

அவள் இருந்தது கிழக்கு வாசலை ஒட்டிய பழைய சுங்கச் சாவடியில். சரக்கு வருவது நின்ற பிறகு சாவடியை யாரும் சீந்தவில்லை. ஆறு வருடங்களுக்கு முன் எங்கிருந்தோ வந்தவள் அங்கேயே தங்கிவிட்டாள். சேந்தனைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். ஆனாலும் அவன் அவளை அம்மா என்றுதான் கூப்பிடுவான். அவள் அவனை அண்ணா என்பாள்.

இந்த ஆறு வருடத்தில் அவள் சொன்ன எதுவும் அவனுக்கு உடனே விளங்கியதில்லை. எதுவும் வீண்போனதும் இல்லை.

வெண்கோட்டை சின்ன ஊர் அல்ல. சுண்ணாம்பு பூசிய மதில், நான்கு வாசல், அறுபது தெரு. மூன்று வருடமாக மழை பொய்த்துவிட்டது. கிணற்றுக் கயிறுகளை ஒன்றோடு ஒன்று முடிந்து நீட்டிக்கொண்டே போனார்கள். பிறகு கயிறு நீண்டும் பயனில்லை. வீட்டுக்கு ஒரு நாளைக்கு ஒரு குடம் என்று முறை வைத்தார்கள்.

தினமும் விடிந்ததும் கிழக்கு வாசலில் வண்டிகள் வரிசை கட்டின. பத்து நாள் நடந்தால் கடல். கடற்கரைப் பட்டினங்களில் பிழைப்பு இருக்கிறது என்று பேச்சு.

சேந்தன் கடைவீதியில் வாசனைப் பொருள் விற்பவன். சந்தனம், அகில், வெட்டிவேர், பச்சைக் கற்பூரம். குளிக்கவே தண்ணீர் இல்லாத ஊரில் சந்தனம் யாருக்கு வேண்டும்? ஆனாலும் அவன் காலையில் கடை திறப்பான். தூசி தட்டுவான். உச்சிவரை உட்கார்ந்திருப்பான். பூட்டிவிட்டு வருவான்.

மூன்று தடவை வண்டியில் சாமான் ஏற்றினான். மூன்று தடவையும் இறக்கினான்.

இளைய மகள் துரும்பாக இளைத்துப்போயிருந்தாள். மூத்தவள் பாதி நாளைத் தண்ணீர் வரிசையில் கழித்தாள். பஞ்சத்தைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம், உங்கள் யோசனையைத்தான் தாங்க முடியவில்லை என்று மனைவி தேனம்மை சொல்லியிருந்தாள்.

உமையாள் கயிற்றை இழுத்து முடிச்சிட்டாள்.

“பட்டினம் போய்ச் சேர்ந்தால், முதலில் என்ன செய்வீர்கள் அண்ணா?”

அதையெல்லாம் அவன் எப்போதோ யோசித்து வைத்திருந்தான். ஊர் வாசலில் நிற்பான். குடும்பம் ஒதுங்க ஓர் இடம் கேட்பான். பிறகு வேலை கேட்பான்.

“என்ன வேலை?”

“எந்த வேலையானாலும். அங்கே என்னை யாருக்குத் தெரியப்போகிறது? மண் சுமக்கச் சொன்னாலும் சுமப்பேன்.”

“சரி. நாளைக் காலையில் கிளம்புங்கள்.”

சேந்தனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு வழியாகப் பதில் கிடைத்ததே.

“கிழக்கு வாசல் வழியாக வெளியே போங்கள்” என்றாள் உமையாள். “போனதும் மதிலை ஒட்டி இடது பக்கம் திரும்புங்கள். நிற்காமல் நடங்கள். மேற்கு வாசல் வரும். அதன் வழியாக உள்ளே வாருங்கள்.”

“உள்ளேயா?”

“உள்ளேதான்.”

“வந்து?”

“முதலில் என்ன செய்வேன் என்று சொன்னீர்களோ, அதைச் செய்யுங்கள்.”

அவள் மறுபடியும் கட்டிலின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சேந்தன் கோபத்தோடு வீட்டுக்கு வந்தான். தன்னைக் கேலி செய்துவிட்டாள் என்று தேனம்மையிடம் குமுறினான். தேனம்மை எல்லாவற்றையும் கேட்டாள். கேட்டுவிட்டு எழுந்துபோய்ப் பாத்திரங்களைக் கட்ட ஆரம்பித்தாள்.

“எந்தப் பக்கம் போவது என்று வழியில் முடிவு செய்துகொள்ளுங்கள்” என்றாள். “நான் கிளம்பிவிட்டேன்.”

காலையில் தெருவே கூடி வழியனுப்பியது. பக்கத்து வீட்டுப் பெண்கள் தேனம்மையைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். சேந்தன் மீதியிருந்த சந்தனக் கட்டைகளைக் கோயிலுக்குக் கொடுத்துவிட்டுக் கடையைப் பூட்டினான்.

சாவடியைக் கடக்கும்போது எட்டிப் பார்த்தான். உமையாள் தலை நிமிரவில்லை.

வாசலைத் தாண்டியதும் பாதை இரண்டாகப் பிரிந்தது. நேரே போனால் கடல். இடது பக்கம் மதிலோரம் முள் அடர்ந்த வண்டித்தடம்.

முன்னால் போன வண்டிகள் நேரே போயின. பின்னால் வந்தவர்கள் வழிவிடச் சொல்லிச் சத்தம் போட்டார்கள்.

 தேனம்மையும் மகள்கள் இருவரும் அவன் முகத்தையே பார்த்தார்கள்.

சேந்தன் மாட்டை இடது பக்கம் திருப்பினான்.

அழுதவர்கள் முகத்தில் இனி எப்படி விழிப்பது என்று நினைத்தபோது அவனுக்கு உடம்பு கூசியது. ஆனால் வண்டி திரும்பிவிட்டது.

மதிலைச் சுற்றிவர உச்சிப் பொழுதாயிற்று. தலை முதல் கால் வரை புழுதி. நாற்பத்தாறு வருடம் அந்த ஊரில் வாழ்ந்தவன், அதை வெளியிலிருந்து இப்படிச் சுற்றிப் பார்த்ததே இல்லை. வீடு, கடைவீதி, கிழக்கு வாசல் என்றே அவன் காலம் போயிருந்தது.

மேற்கு வாசலில் கூட்டம்.

வெளியே போகிற கூட்டம் என்றுதான் முதலில் நினைத்தான். இல்லை. அவர்கள் எல்லோரும் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள்.

சட்டிபானையோடு, ஆடுகளோடு, இடுப்பில் பிள்ளைகளோடு நூற்றுக்கணக்கான பேர். பக்கத்தில் கைக்குழந்தையோடு ஒருத்தி நின்றாள். வீரி என்று பெயர். எட்டு நாள் நடந்து வந்திருக்கிறாள். பாதம் இரண்டும் வெடித்து ரத்தம் காய்ந்திருந்தது. முகத்தில் மட்டும் அப்படி ஒரு நிம்மதி.

“வந்து சேர்ந்துவிட்டோம் அண்ணா” என்றாள் அவனிடம். “இனிமேல் பயமில்லை.”

அவள் எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாள் என்று சேந்தன் திரும்பிப் பார்த்தான்.

வெண்கோட்டையின் மதில். வெயிலில் பளபளவென்று நின்றது.

இந்த ஊர்ப் பெரிய ஏரியைத் தூர் வாருகிறார்கள், மண் சுமந்தால் இரண்டு வேளை கஞ்சி என்று வீரி சொன்னாள். இந்தச் செய்தி எட்டு நாள் தொலைவில் இருந்த அவள் கிராமத்துக்குப் போயிருக்கிறது. சேந்தனும் கேட்டவன்தான். இரண்டு மாதமாகக் கடைவீதியில் பறையடித்துச் சொன்னார்கள். அது வேறு யாருக்கோ என்று இருந்துவிட்டான்.

வாசலில் ஏரி வேலைக் கண்காணி விடங்கன் உட்கார்ந்து பெயர் எழுதிக்கொண்டிருந்தான்.

எங்கிருந்து வருகிறாய் என்றான். கிழக்கேயிருந்து என்றான் சேந்தன்.

“என்ன வேலை தெரியும்?”

பட்டினத்து வாசலில் சொல்வதற்கென்று மனசுக்குள் எத்தனையோ நாள் சொல்லிப் பார்த்துவைத்த பதில் அது. தடங்கல் இல்லாமல் வந்தது.

“எந்த வேலையானாலும் செய்வேன்.”

விடங்கன் ஒரு கூடையை எடுத்து நீட்டினான். சேந்தன் வாங்கிக்கொண்டு திரும்பினான். தேனம்மை அதற்குள் தனக்கு ஒரு கூடை எடுத்துக்கொண்டிருந்தாள்.

ஏரி கண்ணுக்கெட்டிய தூரம் வெடித்துக் கிடந்தது. ஓர் ஆள் உயரத்துக்கு வண்டல். அடியில் எங்கோ வற்றாத ஊற்றுக்கண்கள் இருந்தன என்று வயதானவர்கள் சொன்னார்கள். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. ஐப்பசிக்குள் தூர் வாரி முடிக்காவிட்டால், மழை வந்தாலும் ஏரியில் நிற்காது. பிறகு ஊரில் இருக்க யாராலும் முடியாது.

முதல் நாள் சேந்தனின் உள்ளங்கை கொப்பளித்தது. இரண்டாம் நாள் கழுத்து திரும்பவில்லை. ஏரிக்கரை வேப்பமரத்தடியில் வீரியின் ஊர்க்காரர்களோடு படுத்தார்கள். பல மாதத்துக்குப் பிறகு படுத்ததும் தூங்கினான்.

ஐந்தாம் நாள் கடைவீதித் துணி வணிகர் ஒருவர் கரைமேல் போனவர், அவனை அடையாளம் கண்டு திகைத்து நின்றார். சேந்தனின் இரண்டு கையும் தலைக்கூடையில் இருந்தன. கும்பிட முடியவில்லை. சிரித்துவிட்டு நடந்தான்.

பதினோராம் நாள் அது நடந்தது.

தலையில் இருந்த கூடையிலிருந்து மண் பொலபொலவென்று முகத்தில் உதிர்ந்தது. சேந்தன் நின்றுவிட்டான்.

அதுவரை சுமந்த மண்ணிலெல்லாம் புழுதி வாசம். செத்த நத்தை ஓட்டின் வாசம். மக்கிய வைக்கோல் வாசம். இதில் வேறொன்று இருந்தது. மிக மெல்லியது. புதிதாகத் தோண்டிய வெட்டிவேர்க் கட்டைப் பிரித்தால் முதல் மூச்சில் ஒரு குளிர்ச்சி வருமே, அது.

கூடையை இறக்கினான். எந்தக் குழியில் எடுத்த மண் என்று வீரியிடம் கேட்டான். அவள் காட்டினாள்.

குழியில் இறங்கி மண்டியிட்டான். தரையோடு மூக்கை வைத்து அங்குலம் அங்குலமாக நகர்ந்தான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஓரிடத்தில் நின்றான். கண்ணை மூடி மூச்சை இழுத்தான். மறுபடியும் இழுத்தான்.

விடங்கன் கோபமாக வந்தான். மண்ணில் ஈரம் இல்லை, நிறமும் மாறவில்லை, கரைப் பக்கம் கிடக்கும் வேலையை யார் பார்ப்பது என்று கத்தினான்.

“ஐயா, முப்பது வருடம் இந்த மூக்கை வைத்துப் பிழைத்தவன் நான்” என்றான் சேந்தன். “இந்த இடத்தில் வெட்டச் சொல்லுங்கள்.”

விடங்கன் அவனை ஏற இறங்கப் பார்த்தான். ஆறு பேர், அரை நாள் என்றான். அதற்குமேல் ஒரு நாழிகை தரமாட்டேன் என்றான்.

வீரி குழந்தையைச் சேந்தனின் மூத்த மகளிடம் கொடுத்துவிட்டுக் குழியில் குதித்தாள்.

இடுப்பளவு வெட்டினார்கள். ஒன்றுமில்லை. கழுத்தளவு. ஒன்றுமில்லை. மேலே வந்த ஒவ்வொரு கட்டியையும் சேந்தன் உடைத்து முகர்ந்தான். வாசம் கூடிக்கொண்டே வந்தது. அவனுக்கு மட்டும்தான் வந்தது.

இரண்டாள் ஆழத்தில் பாறை போல மண் இறுகியது. விடங்கன் கையைத் தூக்கினான். போதும், ஏறுங்கள் என்றான்.

ஒவ்வொருவராக ஏறினார்கள்.

தேனம்மை இறங்கினாள். கடப்பாரையை எடுத்தாள். கணவன் முகத்தை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள்.

“உன் காலடியில்” என்றான் சேந்தன்.

அவள் கடப்பாரையை ஓங்கி இறக்கினாள். மறுபடியும் இறக்கினாள். மூன்றாம் தடவை அது கையை விட்டு வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று.

இழுத்தபோது நுனியில் களிமண் ஒட்டியிருந்தது.

பிறகு அந்த ஓட்டையில் ஒரு குமிழி வந்தது. ஒன்று, இரண்டு, நாலைந்து. சேற்று நீர் தேனம்மையின் பாதத்தை நனைத்தது. கணுக்காலை மூடியது.

கரையில் ஆயிரம் பேர் இருந்தார்கள்.  அவர்கள் போட்ட சத்தம் கடைவீதிவரை கேட்டதாகச் சொல்வார்கள்.

வீரி விரலை நீரில் நனைத்துக் குழந்தையின் உதட்டில் வைத்தாள். குழந்தை சப்புக்கொட்டியது. விடங்கன் தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். அழுதான் என்று சிலர் சொன்னார்கள். அவன் புழுதி என்றான்.

மறுநாள் காலையில் கடைவீதி முழுவதும் ஏரிக்கு வந்தது. துணி வணிகர், தட்டார், எண்ணெய்க்காரர், வழியனுப்பி அழுத பெண்கள், எல்லோர் தலையிலும் கூடை. அவர்களை எப்படிப் பார்ப்பது என்று சேந்தன் யோசிக்கவில்லை. யோசிக்க நேரம் இல்லை. அவன் ஏரிக்குள் முகர்ந்துகொண்டே முன்னால் போனான். கடப்பாரைகளோடு ஊரே பின்னால் போனது.

அடுத்த இருபது நாளில் இன்னும் ஏழு ஊற்றுக்கண் திறந்தார்கள்.

கிழக்கு வாசலில் வண்டி வரிசை குறைந்தது. ஒருநாள் வண்டியே வரவில்லை. சேந்தனின் சின்ன மகள் கன்னத்தில் சதை பிடித்தது. ஐப்பசி பத்தாம் நாள் வானம் இடிந்து கொட்டியது. தூர் வாரிய ஏரி அத்தனையையும் வாங்கிக்கொண்டு கரை தொட்டு நின்றது.

ஊர் சேந்தனையும் தேனம்மையையும் பல்லக்கில் ஏற்றியது. பறை முழங்க அறுபது தெருவும் சுற்றியது. வீரியும் அவள் ஊர்க்காரர்களும் பல்லக்கைத் தூக்கினார்கள். யார் இந்த ஊர், யார் வந்தவர் என்று அன்றைக்கு ஒருவராலும் சொல்லியிருக்க முடியாது.

ஊர்வலம் முடிந்ததும் சேந்தன் கழுத்து மாலையைக்கூடக் கழற்றாமல், ஊற்று நீர் ஒரு செம்பு எடுத்துக்கொண்டு சாவடிக்கு ஓடினான்.

உமையாள் சாவடியைப் பெருக்கி முடித்திருந்தாள். நடுவில் ஒரு மூட்டை கட்டி வைத்திருந்தாள்.

“எங்கே அம்மா?”

“கிளம்புகிறேன் அண்ணா.”

அவன் செம்பை நீட்டினான். அவள் வாங்கி ஒரு சொட்டு விடாமல் குடித்தாள். குளிர்ந்திருக்கிறது என்றாள்.

“அத்தனை கஷ்டத்திலும் இங்கேயே இருந்தீர்கள்” என்றான் சேந்தன். “தண்ணீர் வந்த பிறகா போகிறீர்கள்?”

உமையாள் முந்தானையைச் சுருட்டித் தலையில் சும்மாடு வைத்துக்கொண்டாள்.

“வடக்கே ஒரு நகரத்தில் எல்லோரும் சாமான் கட்டுகிறார்களாம்” என்றாள். “மூட்டையைக் கொஞ்சம் தூக்கிவிடுங்கள்.”